உன் செயலிக்கு நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

இன்று காலை நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் போனில் சத்தமாகப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வீடியோவுல பட்டன் வச்சோம், இன்னைக்கு அந்தப் பட்டனுக்கு வேலை குடுப்போம்" என்றது ஒரு குரல். நம் வாத்தியார்! ஒருநாளும் முகம் காட்டாத அந்த மனிதரின் செருமலைக்கூட நாம் இருவரும் கண்டுபிடித்துவிடுவோமே. அம்பத்தூர் வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று நெஞ்சில் உறுத்தியது.

நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமாகி கரூரிலிருந்து இந்த அடுக்ககத்துக்கு வந்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். நீ எதிர்வீடு; பக்கத்து ஆவடியில் பிறந்து வளர்ந்து, தமிழ் வழியில் பி.காம். முடித்தவள். மறுபடி வேலைக்குப் போகவேண்டும், வீடியோ பார்த்து மொபைல் செயலி செய்யக் கற்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, "நானும் சும்மா பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன்க்கா" என்றாய்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் என் சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும். எல்லாம் தெரிந்ததுதானே என்று நான் வீடியோவை வேகமாக ஓட்டுவேன். நீ நிறுத்தச் சொல்வாய். "இருக்கா, அந்த பிராக்கெட்ட இன்னாத்துக்கு அங்க போட்டாரு?" எனக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ சொல்வேன். நீ தலையாட்டிவிட்டு, உன் வீட்டிலிருந்த ஓட்டை லேப்டாப்பில் பத்து முறை செய்து பார்த்து, மறுநாள் வந்து எனக்கே விளக்குவாய். நான் சிரித்துக்கொண்டே கேட்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

நான் பதினெட்டாம் பாடத்தில் நின்றுவிட்டேன். நீ தொடரையே முடித்துவிட்டு, "அக்கா, நம்ம தண்ணி லாரிக்கு ஒண்ணு பண்ணிக்கீறேன்" என்று வந்து நின்றாய். லாரி வந்ததும் வாட்ச்மேன் பட்டனை அழுத்தினால் எல்லா வீட்டுப் போனிலும் மணி அடிக்கும். குடத்தோடு பால்கனியில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உனக்குச் சால்வை போர்த்தினார்கள். செயலாளர் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க இன்ஜினியர்தானே? இவங்ககிட்ட கத்துக்கலாமே" என்று சிரித்தார். நீ உடனே, "அக்காதான் சார் எனக்கே சொல்லிக் குடுத்தாங்க" என்றாய். அவர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். நீ சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், யாருக்கும் தெரியாத பழைய மெயில் கணக்கிலிருந்து உன் செயலிக்கு, ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் மதிப்பெண்ணாகப் போட்டேன். 'வேலை செய்யவில்லை' என்றும் எழுதினேன்.

மறுநாள் முகம் வாடி வந்தாய். "யாருக்கோ ஓடலியாம்க்கா. இன்னா தப்புன்னு தெரியல." இரண்டு நாள் அந்த இல்லாத தப்பைத் தேடினாய். நானும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து தேடினேன். "எல்லாம் சரியாத்தானே இருக்கு, விடேன்" என்றேன். நீ விடவில்லை. வீடுவீடாகப் போய் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்தாய். கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவின் பழைய போனில் மணி அடிக்கவே இல்லை. பாவம், தனக்குத்தான் போன் பார்க்கத் தெரியவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றே அதைச் சரிசெய்து, என் நட்சத்திரத்துக்குக் கீழே எழுதினாய்: 'மன்னிக்கவும். பழைய போனில் பிரச்சினை இருந்தது. சரி செய்துவிட்டேன். சொன்னதற்கு நன்றி.'

என் பொறாமையைக்கூட நீ உபயோகமாக்கிக்கொண்டாய். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காரியம் முடிந்து உன் கணவர் அந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் படிச்சவங்கக்கா. இத்த நிறுத்திடாதீங்க." வாங்கிக்கொண்டேன். பத்தொன்பதாம் பாடத்திலிருந்து தொடங்கி, தனியாகவே முடித்தேன்.

அம்பத்தூரில் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது உன் செயலியைத்தான் காட்டினேன். "நீங்க பண்ணதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "என் தோழி பண்ணது. நான் பாத்துக்கறேன்" என்றேன். வேலை கிடைத்தது. இன்றும் நீ எழுதியதைத் திறந்தால், எனக்கு இவ்வளவு சுத்தமாக வரவில்லையே என்று வயிறு எரிகிறது. செத்துப்போனவள் மேல் பொறாமை என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். உன்னிடம் சொல்லலாம்.

அந்த ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக மாற்ற ஒரு நிமிடம் போதும். பலமுறை திறந்து பார்த்து மூடியிருக்கிறேன். இப்போது மாற்றினால் நான் நல்லவளாகிவிடுவேன். மாற்றியிருக்க வேண்டிய நாட்களில் நீ எதிர்வீட்டில்தான் இருந்தாய். அதனால் அது அப்படியே இருக்கிறது, அதன் கீழே நீ எனக்குச் சொன்ன நன்றியோடு.