தொண்ணூறு கன மீட்டருக்கு எத்தனை கேலன்

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் முதுகில் மஞ்சள் பெயின்டில் ‘15,000 லிட்டர்’ என்று எழுதியிருந்தது. கீழே சரியாக மூடாத குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து கன மீட்டர். என் மூளை சும்மா இருக்குமா? இரண்டால் பெருக்கினேன், முப்பது. அதில் பத்தில் ஒரு பங்கு மூன்று. சேர்த்தால் முப்பத்து மூன்று. பின்னால் இரண்டு சைபர். மூவாயிரத்து முந்நூறு கேலன். அதற்குள் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பச்சை விளக்கு எரிந்து வெகு நேரம் ஆகியிருந்தது போலும்.

நீ போய் இன்றோடு பத்தொன்பது நாள். உன்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அதை வாயிலேயே வைத்திருந்துவிட்டு, கேட்க ஆள் இல்லாதபோது பேனாவை எடுக்கிறேன். வெட்கங்கெட்ட வேலைதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் சுங்குவார்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஸ்பாஞ்ச் மெத்தைக் கம்பெனியில் நாம் இருவரும் வேலை பார்த்தோம். நீ தீயணைப்பு பம்ப் ஆபரேட்டர், நான் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். இருவருக்கும் வயது இருபத்தெட்டு. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்று எந்த ஊரில் சொன்னாலும் ஒரு நிமிடம் நம்மை உற்றுப் பார்ப்பார்கள். நீ அதற்கு முன் மெட்ராஸில் ஒரு பழைய நூல் மில்லில் இருந்தவன். வெள்ளைக்காரன் விட்டுப்போன மெஷின்களோடு புழங்கியதாலோ என்னவோ, உனக்கு லிட்டர் என்றாலே இளக்காரம். எதைப் பார்த்தாலும் கேலனுக்கு மாற்றிவிடுவாய். கேன்டீனில் இருநூறு லிட்டர் அண்டாவை எட்டிப் பார்த்து, “நாப்பத்தி நாலு கேலன் சாம்பாரு மச்சான். அதுல பருப்பு ஒரு பைண்டு கூட கெடையாது” என்பாய். ஒரு கேலனுக்கு எட்டு பைண்ட் என்று மாஸ்டரிடம் விளக்கம் வேறு. அவர் கரண்டியை ஓங்குவார்.

கன மீட்டரை இரண்டால் பெருக்கு, பத்தில் ஒன்றைச் சேர், இரண்டு சைபர் போடு. உன் கணக்கு அவ்வளவுதான். அதைத் தமாஷ் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஜூலையில் குடோனுக்குப் பின்னால் தீயணைப்புக்காகப் புதுத் தொட்டி கட்டினார்கள். தொண்ணூறு கன மீட்டர். பிளான் வரைந்தது நான். பம்ப் மட்டும் பழையது. இங்கிலாந்தில் செய்தது, எங்கோ மூடிய ஆலையிலிருந்து வாங்கி வந்தது. நிமிடத்துக்கு ஐந்நூறு கேலன் என்று அதன் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. தொட்டி நிறைந்திருந்தால் எத்தனை நிமிடம் தண்ணீர் வரும் என்று பம்ப் ரூம் சுவரில் ஒரு பலகையில் எழுதி மாட்டச் சொன்னார் மேனேஜர். என் மேஜையில் ஒரு அமெரிக்க பம்ப் கம்பெனியின் ஏஜென்ட் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இருந்தது. கடைசிப் பக்கத்தில் அளவுகளை மாற்றும் பட்டியல். ஒரு கன மீட்டருக்கு இருநூற்று அறுபத்து நான்கு கேலன் என்று போட்டிருந்தது. பெருக்கி, ஐந்நூறால் வகுத்தேன். நாற்பத்தேழு நிமிடம். பெயின்டர் அதைச் சிவப்பில் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் டீ கிளாஸோடு என் மேஜைக்கு வந்தாய்.

“இன்னாடா நாப்பத்தி ஏழுன்னு எழுதி வச்சிக்கீற? நம்ம பம்புக்கு நாப்பதே முழுசா வராது.”

“யாரு சொன்னது?”

“நான் சொல்றேன். தொண்ணூற ரெண்டால பெருக்கு, நூத்தி எம்பது. பத்துல ஒண்ணு, பதினெட்டு. ரெண்டு சைபர் போடு. பத்தொம்பதாயிரத்தி எண்ணூறு. அஞ்சூறால வகுத்தா முப்பத்தொம்பது நிமிஷம், மேல கொஞ்சம். அவ்ளோதான் தண்ணி.”

“புஸ்தகத்துல அச்சடிச்சு இருக்குடா. கேன்டீன் கணக்கெல்லாம் இங்க வேணாம். நான் டிப்ளமோ படிச்சவன்.”

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ கிளாஸை என் டிராயிங் பேப்பருக்கு எட்டாத தூரத்தில் கவனமாக வைத்தாய். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ என்னை சார் என்று கூப்பிட்டது அது ஒரு தடவைதான். நான் திரும்பக் கணக்குப் பார்த்திருக்கலாம். என் கர்வம் விடவில்லை. பலகையும் அப்படியே இருந்தது.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் குடோனில் புகை கிளம்பியது. ஸ்பாஞ்ச் எரிந்தால் எப்படி எரியும் என்று அன்றுதான் பார்த்தேன். சைரன் அடித்த உடனே நீ பம்ப்பை ஓட்டிவிட்டாய். இரண்டு பேர் ஹோஸ் பைப்போடு உள்ளே போனார்கள். அரை மணி நேரம் தாண்டியதும் நீ பம்ப் ரூமிலிருந்து கத்தத் தொடங்கினாய். “வெளிய வந்துருங்கடா! தண்ணி முடியப் போவுது!” சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, உள்ளே இருங்கள் என்றார். நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு பம்ப்பை ஓடவிட்டு, ஈரச் சாக்கை முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாய்.

அந்த இருவரையும் நீ சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பைப்பில் வெறும் காற்று வந்தது. செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் நாற்பதாவது நிமிடம் தண்ணீர் நின்றதாக எழுதியிருக்கிறது. அவர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உருகி ஒழுகிய ஸ்பாஞ்ச் உன் இடது கையில் விழுந்திருந்தது.

குடோன் முழுக்கப் போய்விட்டது. யார் மேலாவது பழியைப் போட வேண்டும் அல்லவா? பலகையில் நாற்பத்தேழு என்று இருக்கிறது, தண்ணீரோ நாற்பதில் நின்றுவிட்டது. அப்படியானால் தொட்டி நிறைந்திருக்கவில்லை. தினமும் தொட்டியை நிரப்பி வைப்பது யார் பொறுப்பு? உன் பொறுப்பு. இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

விசாரணை அன்று காலையில், கேட்டால் காட்டலாம் என்று அந்த டைரியைத் திறந்தேன். பட்டியலுக்கு அடியில் எறும்பு போல ஒரு வரி: இதில் உள்ளது அமெரிக்கக் கேலன். நம் இங்கிலாந்து பம்ப்பின் சீமைக் கேலன் அதைவிடப் பெரியது. கேலன் பெரிதானால் எண்ணிக்கை குறையும், நிமிடமும் குறையும். நின்ற இடத்திலேயே உன் முறையில் பெருக்கிப் பார்த்தேன். பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. டைரியை மூடி டிராயருக்குள் போட்டுவிட்டு விசாரணைக்குப் போனேன்.

மூன்று ஆபீசர்கள். நீ கட்டுப் போட்ட கையோடு நின்றிருந்தாய். “சார், டேங்க் ரொம்பி இருந்துச்சு சார். காலைல நானே மேல ஏறிப் பாத்தேன்” என்றாய். அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

“தொட்டி ஃபுல்லா இருந்தா எவ்வளவு நேரம் வரும்?”

“நாப்பத்தேழு நிமிஷம் சார்.”

“உங்க கணக்கில ஏதாவது சந்தேகம்?”

“இல்லை சார்.”

நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். மூடிக்கொண்டாய். என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. அடுத்த மாதம்தான் ஆர்டர் வர வேண்டும். வீட்டில் மனைவி எட்டு மாதம். இதெல்லாம் காரணம் ஆகுமா என்றால் ஆகாது. பயந்தேன், பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். கேட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“வூட்ல எத்தினி மாசம்?” என்று கேட்டாய்.

“எட்டு.”

“சரி. பத்திரமா பாத்துக்கோ.”

அந்த ஞாயிறு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆண்டவர்கிட்ட சொல்லிட்டப்பா. அந்த ஆள்கிட்ட சொன்னியா?” என்றார். உன்னிடம் போய்ச் சொல்வதுதான் அவர் எனக்குக் கொடுத்த பரிகாரம். நான் உன் வீட்டுக்குப் போகாமல் இரண்டு ஜெபமாலை சொன்னேன். மருந்துச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே கஷாயம் வைத்துக் குடித்த கதைதான்.

ஒரு வருடம் நீ என் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தாலும் மறு பக்கம் போய்விடுவாய். அது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது. பிறகு சுங்குவார்சத்திரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டாய். எங்கள் கிணற்று மோட்டார் நின்றுபோனபோது என் மனைவி எனக்குத் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டனுப்பினாள். நீயும் வந்தாய். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. வலது கையாலேயே எல்லா நட்டையும் கழற்றினாய். முடித்துவிட்டு டீ குடிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். “மச்சான், அந்தத் தொண்ணூறு கன மீட்டரு, எத்தினி கேலன்டா?”

நானும் சிரித்தேன். இன்னொரு கிளாஸ் டீ போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டாய்! என் மகள் கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது. நான் புது வீடு கட்டித் தண்ணீருக்கு சம்ப் தோண்டியபோது, அந்தக் குழிக்குள்ளேயே நின்றுகொண்டு. கடைசியாக ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. உனக்கு இது ஒரு விளையாட்டு என்றும், பழைய கேன்டீன் தமாஷை விடமாட்டேன் என்கிறாய் என்றும் நான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலும் சிரித்தேன். “இன்னும் கேலனை விடலையாடா நீ” என்று போர்வையை இழுத்துவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

மூன்று நாளைக்கு முன் மணிமங்கலத்தில் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் உன் மனைவி நின்றிருந்தாள். இனிமேல் தாங்காது என்று, டைரி, விசாரணை, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் குழாயை மூடினாள்.

“தெரியும்ணா. அன்னிக்கே வந்து சொன்னாரு. ‘அவன் கணக்கு தப்புன்னு அவனுக்கே தெரிஞ்சிபோச்சு, மூஞ்சியப் பாத்தேன்’னாரு.”

“அப்புறம் ஏன்மா அவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டுக்கினுதான இருந்தாரு? உங்க வூட்டுக்கு வந்துட்டுத் திரும்பற அன்னிக்கெல்லாம் செருப்பைக் கழட்டும்போதே சொல்வாரு. ‘இன்னிக்கும் கேட்டேன். சிரிச்சிட்டான்’னு.”

நான் ஈரக் கையோடு அங்கேயே நின்றேன். அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பந்தியைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. அந்த இடத்தில் ஏதோ கார் பாகங்கள் வைக்கிற கொட்டகை நிற்கிறது. விசாரணைக் காகிதங்கள் எங்கே போயினவோ, அதில் போய் யாரும் இனிமேல் திருத்தப் போவதில்லை. அந்த மூன்று ஆபீசர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. என்னிடம் மிச்சமிருப்பது உன் பெருக்கல் மட்டும்தான். தண்ணீர் லாரியைப் பார்த்தால் அது தானாக ஓடுகிறது, நான் நிறுத்த நினைத்தாலும் நிற்பதில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். தொண்ணூற்றை இரண்டால் பெருக்கினால் நூற்றெண்பது. பத்தில் ஒன்று பதினெட்டு. சேர்த்து இரண்டு சைபர். பத்தொன்பதாயிரத்து எண்ணூறு கேலன். முப்பத்தொன்பது நிமிடம், மேலே கொஞ்சம்.

அன்று தொட்டி நிறைந்திருந்தது.