போடாத சண்டைக்கு ஒரு பஞ்சாயத்து

உங்கள் திட்டு விழாத நாளில் சோறு இறங்காதபடி என்னைப் பழக்கிவிட்டுப் போன அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோம்பையில் உங்கள் தங்கை வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன், போனதோடு நிற்காமல் பேசிவிட்டும் வந்தேன். அந்தச் சேதியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சின்னத்தையும் இப்போது உங்களைப் போலவே உட்கார்ந்துவிட்டார். மறதி கொஞ்ச நாளாகவே இருந்ததுதான். இப்போது டிவி வேண்டாம், குளியல் வேண்டாம், பேத்தி மடியில் வந்து ஏறினாலும் பார்வை சுவரில். எதைக் கேட்டாலும் “வேணாம்.” வீட்டில் எல்லாரும் கூடி ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள், மாமியாருக்கு மருமகள் செல்வி மேல் கோபம் என்று.

நம் பக்கத்தில் ஒரு மாமியார் “வேணாம்” என்றால் சோறு வேண்டாம் என்றா அர்த்தம்? ‘இங்கன என்னமோ நடந்திருக்கு, வந்து கேளுங்க’ என்று அர்த்தம். நீங்களே எத்தனை முறை அப்படிப் பட்டினி கிடந்து மாமாவை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்! அதனால்தான் நோய் வந்து உங்கள் வாயால் “வேணாம்” சொன்னபோதும், எல்லாரும் அதைப் பழைய “வேணாம்” என்றே எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அண்ணன் வந்து என்னை நடுவீட்டில் நிற்கவைத்தாரே, அது உங்களுக்குத் தெரிந்ததா?

“ஏத்தா, நடந்தது நடந்துபோச்சு. அவ கால்ல விழுந்து ஒரு வார்த்தை சொல்லிரு. மனசு எறங்கிருவா.”

“போடாத சண்டைக்கு எப்பிடி மன்னிப்புக் கேக்குறது பெரியப்பா?” என்றேன். கல்நெஞ்சக்காரி என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் என்ன? அத்தனை பேச்சுக்கும் நடுவில் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு ஓர் ஓரக்கண் இருக்கும். நாம் வருந்துகிறோமா இல்லையா என்று அது வேவு பார்க்கும். உங்களிடம் அந்த ஓரக்கண் இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

தேனியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “கோவமும் இல்ல, வீம்பும் இல்லம்மா. மறதி நோயில இதுவும் சேத்திதான். ஒண்ணத் தொடங்கணும்னு உள்ள எழும்புமே, அது எழும்பாமப் போயிரும். துக்கமும் கூட இருக்கான்னு தனியாப் பாக்கணும்.” வரும் வழியில் உங்கள் மகன், “அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்கு, ஸ்டார்ட்டர்தான் எடுக்கல” என்றார். கிணற்றடியிலேயே வளர்ந்தவர் வேறெப்படிச் சொல்வார்?

அன்றோடு உங்களிடம் கேள்வி கேட்பதை விட்டேன். “சாப்பிடுறீகளா? குளிக்கிறீகளா? வாரீகளா?” என்று கேட்டால் உங்கள் கைக்கு எட்டிய பதில் அந்த ஒன்றுதான். ஆகவே அந்த ‘ளா’வைத் தூக்கி எறிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவத் தொடங்குவேன், ஒரு கொத்தை உங்கள் கையிலும் வைப்பேன். பல நாள் அது மடியிலேயே வாடும். சில நாள் விரல் அசையும். ஒரு நாள் என் முறத்தை வெடுக்கென்று இழுத்து, “ஒரே காம்பாக் கெடக்கு. கண்ண எங்கன வச்சிருக்க?” என்றீர்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கீரை உருவி நோய் போய்விடவில்லை. பின்னால் அந்த விரலும் நின்றுபோனது. ஆனாலும் கடைசிவரை உங்களைச் சுவரோடு விட்டுவிட நான் சம்மதிக்கவில்லை. அப்படியும் உங்களைத் தூக்கிய அன்று, “மருமக மேல உள்ள கோவத்துலயே போய்ச் சேந்துட்டா” என்று என் காதுபடவே பேசினார்கள்.

கோம்பையிலும் அதே கதைதான். செல்வியைக் கொஞ்ச காலம் வருசநாட்டுத் தாய்வீட்டில் விடுவது, சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்குப் போடுவது. இதுதான் உங்கள் அண்ணன் சொன்ன தீர்ப்பு. செல்வி சுவரோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“குச்சனூருக்கு நானும் வாரேன் பெரியப்பா, சாமிக்கும் எனக்கும் சண்டையில்ல. ஆனா செல்வி எங்கயும் போக மாட்டா. அவ போயிட்டா சின்னத்தை கையப் பிடிச்சு எந்திரிக்க வைக்கிறது யாரு, நீங்களா?”

“பெரியவுக பேசுற எடத்துல...” என்று யாரோ இழுத்தார்கள்.

“வந்திருக்கிறது நோயி. அதுக்குப் பஞ்சாயத்து தேனி ஆஸ்பத்திரியில” என்றேன். இருந்த கோபத்தில், உங்களுக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். ஓரக்கண்ணையும் சொன்னேன், முறத்தையும் சொன்னேன்.

பெரியப்பா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“அப்ப ஒன் அத்தை... எந்தங்கச்சி, எங்க மேல கோவத்துல போகலையாத்தா?”

இத்தனை காலமும் இதைச் சுமந்துகொண்டா மனிதர் நடமாடியிருக்கிறார், அத்தை? மீதிச் சண்டையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இல்ல பெரியப்பா. அவுக யாரு மேலயும் கோவத்துல போகல.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செல்வியை அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தேனிக்குச் சின்னத்தையைக் கூட்டிப்போக அவரே வண்டி சொல்லியிருக்கிறார்.

கிளம்பும் முன் செல்வியை உட்காரவைத்து, கீரையை நடுவில் போட்டு, சின்னத்தை கையில் ஒரு கொத்து வைத்தேன். அது மடியிலேயே கிடந்தது. கிடக்கட்டும். நாளைக்கும் வைப்பாள், நான் போகிற அன்றைக்கு நான் வைப்பேன். உங்களைக் கோபக்காரி என்று இனி எவர் சொன்னாலும், எந்த வீட்டுப் பஞ்சாயத்தானாலும், கூப்பிடாமலே போய் நிற்பேன். இது உங்கள் முறத்தின் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களோடு ஆயிரம் சண்டை போட்ட, அந்தச் சண்டையை மட்டும் போடாத,
உங்கள் மூத்த மருமகள்