இருட்டில் கேட்ட மூச்சு

ஞாயிறு, இரவு

தொம்மலூரில் இன்று மாலை இவருடைய குழுவின் கச்சேரி. நான்கு பேர், நான்கு சாக்ஸபோன். புத்தம் புதிய இசையாம். பாதி நேரம் அதில் பாட்டே இல்லை. வெறும் காற்று, விரல்கள் பொத்தான்களைத் தட்டும் சத்தம், ஒரே குழலில் உரசிக்கொள்ளும் இரண்டு ஸ்வரங்கள். இவர் வீட்டில் பயிற்சி செய்தபோது பக்கத்து வீட்டம்மா, "உங்க மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்க, நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

கடைசிப் பக்கத்தில் நால்வரும் வாசிப்பதை நிறுத்தி வெகுநேரம் சும்மா இருக்க வேண்டும். சரியாக அப்போது கரண்ட் போய்விட்டது. கணக்குப் பார்க்கத் தாளமும் இல்லை, கை காட்ட ஆளும் இல்லை. இருட்டில் இவர் மூக்கால் மூச்சை இழுப்பது கேட்டது. அடுத்த நொடி நான்கு குழல்களும் இம்மி பிசகாமல் ஒன்றாகப் பாய்ந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெளியே வந்ததும் குழுவில் வாசிக்கும் மெர்சியிடம் அது எப்படி என்று கேட்டேன்.

"அண்ணன் மூச்சிழுத்தா போதும்க்கா, நாங்க உள்ள வந்துடுவோம்," என்றாள்.

அந்த மூச்சு எனக்கும் தெரியும். கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போது அப்படித்தான் இழுக்கிறார். ஆபீஸ் விஷயமாக இருக்குமோ என்னவோ. "இப்ப என்ன?" என்று நான் முந்திக்கொள்வேன். "ஒண்ணுமில்ல," என்று தட்டைப் பார்ப்பார். மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் மூச்சு அது.

இப்போது கட்டிலிலிருந்து மறுபடியும் கேட்கிறது. இந்த முறை முந்திக்கொண்டு எதுவும் கேட்காமல் பேனாவை மூடுகிறேன்.