தம்பியைக் கூட்டி வரப் போனேன்

அக்டோபர் 24, வெள்ளி

குளிர். மழை இல்லை, காற்றுதான். ஜன்னல் பலகைகள் தடதடவென்று ஆடுகின்றன.

கோவை, மும்பை, பாரிஸ், அங்கிருந்து ரயில், கடைசியில் தம்பியின் கார். முழங்கால் வீக்கம். பருப்புப் பொடி பத்திரம். நெய் பாட்டில் கசிந்து இரண்டு சேலை போச்சு.

ஊர் ஒரு குன்றின் தலையில். எண்ணூறு வருஷப் பழசாம். வீடு கல், தெரு கல், கூரையும் கல். கார் கீழேயே நின்றுவிட்டது, மேலே படி ஏற வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கே எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தியாகிவிட்டது.

"ஆள் இருக்கற ஊரா கண்ணு இது?"

"இருக்காங்கக்கா. உள்ள இருக்காங்க."

உள்ளே இருந்துகொண்டு என்ன செய்கிறார்கள்? சோமனூரில் ராத்திரி பகல் தறிச் சத்தம் கேட்டே பழகிய காதுக்கு இந்த அமைதி நல்லதாகப் படவில்லை.

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனசு இளகக் கூடாது. லூர்துவை ஊருக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறேன். குருப்பட்டம் வாங்கி இருபத்தொன்பது வருஷம். அதில் பதினொன்று இந்தக் கல் ஊரில், இவர்களுக்குச் சாமியாராக. "வர்ற ஜனவரி வந்துருவேங்க்கா" என்று மூன்று வருஷமாகச் சொல்கிறான். எந்த ஜனவரி என்று மட்டும் சொல்வதில்லை. எனக்கு அறுபத்தேழு. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது, படிக்க வைத்தது நான். கல்யாணம் கட்டவில்லை. நான் கண்ணை மூடினால் என் அடக்கப் பூசையை அவன் வைக்க வேண்டும். இந்த ஜென்மத்தில் வேறொன்றும் அவனிடம் கேட்டதில்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு காபிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இருப்பது இவன் ஒருத்தன்தானே?

அக்டோபர் 25, சனி

வெயில், ஆனால் சுடாத வெயில்.

காலை எட்டரை. கதவு தானே திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. சாவி போட்டுத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தாள், கையில் மூடி போட்ட சட்டி. பேர் ஒதெத். எல்லாரும் மதாம் ஒதெத் என்கிறார்கள். இனி இதில் ம.ஒ.

என் முன்னாலேயே அடுப்பைப் பற்ற வைத்தாள். உப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

"யாருங் சாமி இவங்க?" ஆள் முன்னால் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன், நீங்க என்றுதான் பேசுவேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தனியாக இருந்தால் கண்ணு.

"கோயில் வேலையெல்லாம் பாக்கறவங்கக்கா. சூப் கொண்டாந்திருக்காங்க."

சூப்பு. சரி.

இதுவரை பார்த்தது:
- சாவி
- உப்பு
- அவன் போட்டிருக்கும் சிவப்புக் கம்பளிச் சட்டை, கையால் பின்னியது. அங்கி ஆணியில் தொங்குகிறது, தூசி
- ம.ஒ.வுக்கு வயசு எழுபது இருக்கும். அதனால் என்ன? எழுபதில் கெட்டவர்களையும் எனக்குத் தெரியும்

மத்தியானம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டம், அரிசி எறிந்தார்கள். கல்யாணமாம். இங்கே முதலில் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகுதான் கோயில். கோயிலுக்கு வராமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டாம். இதை ஏன் இவ்வளவு விவரமாக எனக்குச் சொன்னான்?

அக்டோபர் 26, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். நாடு முழுக்க அப்படியாம். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர் நான். ஒரு மணி நேரத்தை யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள்?

பூசைக்கு இருபத்தாறு பேர், முக்கால்வாசி கிழடு. லூர்து அவர்கள் பாஷையில் பிரசங்கம் வைத்தான். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நன்றாகப் பேசினான். சிரித்தார்கள். ஊரில் இவன் பிரசங்கத்துக்கு யாரும் சிரித்ததில்லை, எனக்கே தூக்கம் வரும்.

பூசை முடிந்து வாசலில். சேசுவே! ஒவ்வொருத்தரும் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம். பூசை உடுப்போடு! ஆம்பளை பொம்பளை எல்லாரும். எண்ணினேன். எல்லாருக்கும் இரண்டு. ம.ஒ.வுக்கு மூன்று.

"இங்க வணக்கம் சொல்ற மாதிரிங்க்கா அது."

"மூணாவது எதுக்கு?"

"அவங்க பொறந்த ஊர்ல மூணுங்க்கா."

தேர்வுக்கூடத்தில் பிடிபட்ட பையன்களும் இப்படித்தான், கேட்ட கேள்விக்கு உடனே பதில் வைத்திருப்பார்கள்.

ம.ஒ. எனக்கும் மூன்று கொடுத்தாள். லாவண்டர் சோப்பு வாசம். துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காற்று ஓயவில்லை. லூர்து காலையிலேயே பக்கத்து ஊருக்கு ஒரு அடக்கத்துக்குப் போய்விட்டான். இந்த வாரத்தில் இது இரண்டாவது.

தீப்பெட்டி தேடினேன். அடுப்பங்கரையில் இல்லை. ஆகையால் அவன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். சரி, தீப்பெட்டி தேடவில்லை. எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

ஒரு காகிதம். பஞ்சாயத்து ஆபீஸ் முத்திரை. அவன் முழுப்பேர், அப்பா பேரோடு. கீழே அவன் கையெழுத்து. படிக்க முடிந்தது எண்கள் மட்டும். 50 என்று ஒன்று. 2,50 m² என்று ஒன்று. கமா கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை இவர்களுக்கு.

250 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தேன். 2,690 சதுர அடி சொச்சம். ஆறு சென்ட்!

இடம் வாங்கியிருக்கிறான். வீடு கட்டப் போகிறான். அந்த 50? பாதிப் பங்கு. மீதிப் பாதி யாருக்கு?

காகிதத்தை இருந்தபடியே வைத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அரிசிம்பருப்பு சாதம் செய்து போட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான், கண்ணில் தண்ணீர். மிளகாய் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு மிளகாய் ஒரு சாக்கு.

அக்டோபர் 29, புதன்

"ஏங் கண்ணு, பஞ்சாயத்து ஆபீஸ்ல உனக்கென்ன சோலி?"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். "யாருங்க்கா சொன்னாங்க?"

"யார் சொன்னா என்ன."

"அப்பறம் சொல்றேங்க்கா. செத்த பொறுங்க. திருநாள் முடியட்டும்."

அப்புறமாம். நெருப்பில்லாமல் புகையுமா? படுத்து அழுதேன். ஊரில் என்ன சொல்வேன்? கருமத்தம்பட்டித் திருவிழாவில் என்னைப் பார்த்ததும் "சாமியாரோட அக்கா வாராங்க" என்று வழி விடுகிறவர்களிடம் என்ன சொல்வேன்?

நாளைக்கு ம.ஒ. வீட்டுக்கு நானே போகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? ரொட்டிக் கடை வாசலில் செவ்வந்தித் தொட்டிகள் வரிசையாக வைத்திருந்தார்கள். நல்ல மஞ்சள், குண்டு குண்டாக. நம் ஊரில் இந்தப் பூவுக்கு என்ன மரியாதை! பெரியதாக ஒன்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினேன்.

ம.ஒ. கதவைத் திறந்தாள். பூவைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. நெஞ்சில் கை வைத்து என்னமோ கேட்டாள். பிறகு என் முகத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்தாள் பாருங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. கோட்டை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோயிலுக்குப் பின்னால், இன்னும் மேலே, கல்லறைத் தோட்டத்துக்கு.

அங்கே ஒவ்வொரு கல்லறை மேலும் அதே செவ்வந்தித் தொட்டி. இந்த ஊரில் செத்தவர்களுக்கு மட்டும் வைக்கிற பூ அது. உயிரோடு இருக்கிறவள் வாசலில் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

ஒரு கல்லறையில் ஆம்பளைப் படம். புருஷன் என்று மோதிரத்தைத் தொட்டுக் காட்டினாள். என் தொட்டியை வாங்கி அவன் காலடியில் வைத்தாள். சரி, இத்தோடு போயிருக்கலாம்.

பக்கத்தில் ஒரு துண்டு நிலம், சுற்றிலும் கல் பதித்தது. மண் தோண்டவில்லை. தலைமாட்டில் புதுக் கல். கல்லில் தமிழ். இந்த நாட்டுக்கு வந்து நான் பார்த்த முதல் தமிழ் எழுத்து.

லூர்துராஜ். பிறந்த வருஷம். ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

ம.ஒ. கல்லைத் தடவி, என் தோளைத் தடவி, பெருமையாக என்னமோ சொன்னாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

2,50. இரண்டரை. கமா இங்கே புள்ளி. ஆறு சென்ட் இல்லை, ஆறடி.

அவனுக்கு ஒரு பொம்பளை இருந்திருந்தால்கூட இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இதை என்ன செய்வேன்?

அக்டோபர் 31, வெள்ளி

மூடுபனி. காலையில் அவன் காபி கொண்டுவந்தான். வாங்கவில்லை.

"டேய் லூர்து." இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "குழி வாங்கி வெச்சிருக்கியாமே."

உட்கார்ந்துவிட்டான். காபியை மேசையில் வைத்தான். பிறகு:

"இங்க வந்ததுலருந்து நான் வெச்சதெல்லாம் அடக்கப் பூசைதானுங்க்கா. ஒவ்வொரு ஊட்டுலயும் கேட்டாங்க. நாங்க போறப்ப நீங்க இருப்பீங்களா, இல்ல அதுக்குள்ள உங்க ஊருக்குப் போயிருவீங்களான்னு. இருப்பேன்னு வாயில சொன்னா நம்பலைங்க. முன்னால இருந்தவங்கெல்லாம் அப்படிச் சொல்லிப்போட்டுத்தான் போனாங்க. அதுதான் எடத்தையே வாங்கிக் காட்டிப்போட்டேன்."

"அந்த அம்பது?"

"அம்பது வருசத்துக்குங்க்கா."

"அப்பறம்?"

"அப்பறம் வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"வாடகைக் குழியா! செத்தும் சொந்த எடமில்ல உனக்கு!"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்குக் கல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறான். எனக்கு மட்டும் ஜனவரி.

"சரி. நான் போறப்ப?"

"வந்துருவேங்க்கா."

"எப்படி வருவே? கார், ரயிலு, ரெண்டு பிளேனு. நம்மூர்ல காலைல போனா சாயங்காலம் எடுத்துருவாங்க. என்னை ஐஸ் பொட்டில வெச்சு உனக்காகக் காத்திருப்பாங்களா?"

"வந்துருவேங்க்கா" என்றான் மறுபடியும். தலை நிமிரவில்லை. பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு, சின்னதிலிருந்தே. நான்தான் வேறு எதையெதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள். மழை. முழங்கால் பரவாயில்லை.

ம.ஒ. சூப்பு கொண்டுவந்தாள், குடித்தேன். உப்பு குறைவு. அவளுக்குப் பருப்புப் பொடி ஒரு டப்பா கொடுத்தேன். முகர்ந்து பார்த்துத் தும்மினாள். எதில் போட்டுக் கெடுக்கப் போகிறாளோ.

அவனோடு பேச்சு: தண்ணி வேணுமா, போதும், குளிருதா, இல்லை.

கோபம் தீரவில்லை. அழுகையும் தீரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஆன்மாக்கள் தினம். வெயில்.

இந்த வருஷம் செத்தவர்களின் பேரைப் பூசையில் வாசிப்பார்களாம். பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி. பட்டியல் பூசை உடுப்பு மாட்டும் அறை மேசையில் கிடந்தது, விட்டுப்போன பேரை யாரும் வந்து எழுதலாம். பூசைக்கு முன்னால் லூர்து வாசலில் முத்தம் வாங்கிக்கொண்டிருந்தபோது போய் எழுதினேன்.

கோயில் நிறையக் கூட்டம். ஒவ்வொரு பேராக வாசித்தான். ம.ஒ. ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடைசிக்கு வந்தான். நிறுத்தினான். காகிதத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். நிமிர்ந்து என்னைத் தேடினான். மூன்றாவது வரிசையில் முக்காட்டோடு இருந்தேன். படி என்று தலையை ஆட்டினேன்.

வாசித்தான். "ஆரோக்கியமேரி." குரல் உடைந்தது. ஜனங்கள் அவர்கள் பாஷையில் பதில் ஜெபம் சொன்னார்கள். ம.ஒ. ஏற்றினாள். அவளுக்கு என் முழுப்பேர் தெரியாது.

பூசை முடிந்ததும் உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். "என்னங்க்கா பண்ணிப்போட்டீங்க! உசுரோட இருக்கறப்ப..."

"அன்னைக்கு நீ வர மாட்டே கண்ணு. அதுதான் எம் பூசைய இன்னைக்கே கேட்டுப்போட்டேன்" என்றேன்.