தொப்பூரில் நீங்கள் கேட்ட சம்மதம்

தாத்தா,

இன்று காலை சேலம் பேருந்து தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது, முன்னால் போன லாரியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. பக்கத்திலிருந்தவர் ஜன்னலைச் சாத்தினார். நான் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறக்கம் முடிந்து சாலை நேரான பிறகும் பிடி தளரவில்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களோடு பேசாமல் அந்த இடத்தைக் கடக்க எனக்கு இன்னும் வரவில்லை.

மாரண்டஹள்ளிப் பக்கத்து நம் ஊரில் உங்கள் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. உபதேசியார் என்றால்தான் தெரியும். பங்குச் சாமியார் வர முடியாத ஞாயிறுகளில் சின்னக் கோவிலில் ஜெபம் நடத்துவீர்கள். மற்ற நாளெல்லாம் தக்காளித் தோட்டம். அம்மா இறந்து, அப்பாவும் பெங்களூரிலேயே தங்கிவிட்ட பிறகு, என்னை வளர்த்தது நீங்கள்தான். பள்ளிக்கூடம் அனுப்ப எனக்குச் சடை பின்னவும் கற்றுக்கொண்டீர்கள். கோணலாக இருக்கிறது என்று நான் அழுதால், “கோணையா இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் அவுறாது கண்ணு” என்பீர்கள். அவிழ்ந்ததும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு அந்த இறக்கத்தில் மாட்டிக்கொண்டோமே, அன்றைக்கு நாம் போனது வெறும் பரிசோதனைக்குத்தான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. என்னைப் பார்த்துவந்த மருத்துவர் சேலத்தில் இருந்தார். ஓசூரில் வேலை பார்த்த என் கணவர் நேரே அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு முனியப்பன் காரை ஓட்ட, நீங்கள் முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தீர்கள். தர்மபுரியைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. திரும்பிவிடலாம் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், மலை இறக்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருக்கிறது என்றார்கள். பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன.

வலி விட்டுவிட்டு வந்தது. உச்சி வெயில். நீங்கள் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாக முன்னால் போனீர்கள். திரும்பி வரும்போது உங்களோடு ஆம்புலன்ஸில் வந்த செவிலிப் பெண் இருந்தாள். காருக்குள் குனிந்து என் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“குழந்தைக்குத் துடிப்பு கொறையுதுங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்.”

“உங்க வண்டியிலயே கொண்டுபோயிடலாமாம்மா?”

அவள் கவிழ்ந்த லாரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அந்த லாரி டிரைவருக்காக வந்த வண்டிங்க அது. ஆளு கேபினுக்குள்ள மாட்டியிருக்காரு. வெட்டி எடுக்க மிசின் வரணும். இன்னொரு ஆம்புலன்ஸ் கேட்டிருக்கோம். எது முந்தி வரும்னு தெரியலைங்க.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அந்தப் பெண்ணிடம், “கொஞ்சம் இரும்மா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் முன்னால் போனீர்கள். நான் கத்தினேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை, உங்கள் பின்னாலேயே ஓடிவந்த முனியப்பன்தான் பிறகு எனக்குச் சொன்னான். வெங்காய மூட்டைகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தனவாம். நசுங்கிய கேபினுக்குள் இடுப்புக்குக் கீழே சிக்கி, நினைவோடு இருந்தார் அந்த மனிதர். செல்வராசு, நாமக்கல் பக்கம். கண்ணாடி உடைந்த இடத்தில் நீங்கள் மண்டியிட்டு, உள்ளே குனிந்து கேட்டீர்களாம்.

“ஐயா, உங்களுக்கு வந்த வண்டி நிக்குது. எம் பேத்திக்குப் பிரசவ வலி. பிள்ளைக்கு ஆபத்துன்னு சொல்றாங்க. அதுல அவளை அனுப்பட்டுங்களா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். “அனுப்புங்க பெரியவரே” என்றார். பிறகு, “நீங்க மட்டும் போயிறாதீங்க. இங்கயே இருங்க” என்றார்.

“இருக்கறேன்” என்று நீங்கள் சொன்னீர்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. என்னைத் தூக்குப்படுக்கையில் வைத்து, கவிழ்ந்த லாரியை ஒட்டி, அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டீசல் நெடிக்கு நடுவே உங்கள் வெள்ளை வேட்டி தெரிந்தது. முட்டிபோட்டு, ஒரு கையைக் கேபினுக்குள் விட்டபடி இருந்தீர்கள். “தாத்தா, ஏறுங்க! தாத்தா!” என்றேன். நீங்கள் தலையை மட்டும் திருப்பினீர்கள்.

“நான் வர முடியாது கண்ணு. இவருகிட்டச் சொல்லிட்டேன். நீ போ.”

கதவைச் சாத்தினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு காய்ச்சலுக்குக்கூட என்னைத் தனியே விடாதவர், சாகப்போகிறேன் என்று நான் நினைத்த நேரத்தில் ஓர் அந்நியர் பக்கத்தில் இருந்துவிட்டார். வழியெல்லாம் எனக்கு வலியைவிட உங்கள் மேல் கோபம்தான் பெரிதாக இருந்தது.

குழந்தையை அறுத்துத்தான் எடுத்தார்கள். அவள் அழ நேரமாயிற்று, ஆனால் அழுதாள். சாயங்காலம் நீங்கள் வந்தபோது வேட்டியெல்லாம் கறை. செல்வராசுவை வெட்டி எடுப்பதற்கு முன்பே இரண்டாவது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்றும், உயிரோடு ஏற்றியும் வழியில் போய்விட்டார் என்றும் முனியப்பன் சொன்னான். வெகுநேரம் கழித்து நீங்கள், “சாமி பேரைச் சொல்லுங்கன்னாரு. எந்த சாமின்னு கேட்டேன். முருகன்னாரு. காதுகிட்டக் குனிஞ்சு அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். நம்ம ஜெபத்தை மனசுக்குள்ள சொன்னேன்” என்றீர்கள். உபதேசியார் இப்படிச் செய்யலாமா என்று ஊரில் ஒருவர் பிறகு கேட்டபோது, “கர்த்தருக்கு வெளங்கியிருக்கும்” என்றதோடு சரி.

ஆனால் குழந்தையை நீங்கள் தூக்கவில்லை. தொட்டில் ஓரம் நிற்பீர்கள், நெற்றியில் சிலுவை போடுவீர்கள், கையை எடுத்துக்கொள்வீர்கள். நீட்டினால், “அப்புறம் கண்ணு” என்று தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். அவளுக்குத் தலை நின்ற பிறகு ஒருநாள், “அவரு வூட்டுக்குப் போவணும். நீயும் பிள்ளையோட வர்றியா?” என்று கேட்டீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. வந்தேன்.

அந்த வீட்டு வாசலில் அவர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இன்னார் என்று சொன்னீர்கள். பிறகு எதையும் சுற்றாமல், “உங்க வூட்டுக்காரருக்கு வந்த ஆம்புலன்ஸுல எம் பேத்தியை ஏத்தி அனுப்பிட்டேம்மா. நான்தான் கேட்டேன்” என்றீர்கள்.

முறம் நின்றது. அவர் என்னையும், என் கையிலிருந்த குழந்தையையும் பார்த்தார்.

“அவருக்கு வந்த வண்டியவா?”

“ஆமாம்மா.”

“அந்த ஒடம்போட கெடந்த மனுசங்கிட்டப் போயிக் கேட்டீங்களா?”

“கேட்டேம்மா.”

எனக்குத் தாங்கவில்லை. அவரை வெளியே எடுப்பதற்கு முன்பே வேறு வண்டி வந்துவிட்டது, எங்களால் எதுவும் தாமதமாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தீர்கள். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாம் வெயிலிலேயே நின்றோம். போய்விடலாம் என்று நான் முணுமுணுத்தேன். நீங்கள் அசையவில்லை. குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

கதவு திறந்தது. அழுத முகம். வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

“கடைசீல தனியாவா கெடந்தாரு?”

“இல்லம்மா. வண்டியில ஏத்துற வரைக்கும் கூட இருந்தேன். உங்க பேரைச் சொன்னாரு. முருகன் பேரைச் சொன்னாரு.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளைய வெயில்ல வச்சிருக்காதீங்க. உள்ள வாங்க” என்றார்.

திரும்பும் பேருந்தில், ஏன் என்னைத் தடுத்தீர்கள் என்று கேட்டேன். “நம்ம மனசு லேசாவறதுக்குப் போவலையே கண்ணு. அது அவங்களா கேட்டாச் சொல்லலாம்” என்றீர்கள். பிறகு கையை நீட்டி, முதல்முறையாக அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். எங்களால் எதுவும் தாமதமாகவில்லை என்பதை அந்த அம்மா வேறொரு வருடம், தானாகவே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உங்கள் அடக்கத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். கோவிலில் பெண்கள் பக்கம் கடைசியில், எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். அவர் ஏன் அழுகிறார் என்று, அன்று பிறந்து இப்போது பள்ளிக்குப் போகும் உங்கள் கொள்ளுப்பேத்தி கேட்டாள். தாத்தாவுக்குத் தெரிந்தவர் என்று சொல்லி முடித்திருக்கலாம். வெளியே அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். யாருக்கு வந்த வண்டி, அதில் யார் போனார்கள் என்பதைச் சொன்னேன். அவள் உள்ளே போய் அந்த அம்மா பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

எதையாவது ஒப்புக்கொள்ள வேண்டிய நேரத்தில், எனக்குச் சாதகமான பாதிதான் முதலில் நாக்கு நுனிக்கு வருகிறது தாத்தா. அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது.