ஸ்டார் அணைந்த மாலை

ஏலப்பாறை
ஜனவரி 5

அன்புள்ள லிபின் அண்ணனுக்கு,

ஜெஸ்னா எழுதுகிறேன். போனில் அப்பா பேச்சை எடுத்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன்.

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய தொலைநோக்கி உடையாமல் வந்தது. உன்னை வரச் சொன்னேன். அது வந்தது.

அப்பாவுக்கு மூச்சு இன்னும் மோசம். கட்டிலிலிருந்து வாசலுக்குப் போக இரண்டு முறை நிற்கிறார். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாய். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை.

நேற்று மூடுபனி இல்லை. அப்பாவுக்கு ஓரியன் நெபுலாவைக் காட்ட நினைத்தேன். ஆனால் எஸ்டேட் லயத்தில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் விளக்கு. பின்வாசல் வரை வெளிச்சம். லயத்து வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ஏழரை மணிக்கு எல்லோரும் ஸ்டாரை அணைக்கவும், அப்பாவுக்காக.

அணைத்தார்கள். அத்தனை வீடும்.

இங்கே எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லா வீட்டிலும் ஸ்டாரை அணைப்பார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். எம்.எஸ்சி. படித்தவளுக்கு அந்த நேரத்தில் இருட்டு மட்டும்தான் வேண்டியிருந்தது.

பின்புறம் பீன்ஸ் பாத்தி அருகே அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கருவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் அழுகை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்த சிசிலி அத்தை, அப்பாவைப் பார்த்ததும் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "ஏட்டி, உசுரோட இருக்க மனுசனுக்கா அணைக்கச் சொன்ன?" சுருளிவேல் மாமா டவுனில் சவப்பெட்டிக்கே சொல்லிவிட்டாராம். "என் அளவு உனக்கு யாருலே சொன்னா?" என்று அவரைக் கேட்டார் அப்பா. சிரித்ததில் இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று.

வந்தவர்கள் திரும்பவில்லை. வரிசையில் நின்று பார்த்தார்கள். முதலில் அப்பா.

படங்களில் வரும் சிவப்பு இல்லை. புகைபோல் சாம்பல் நிறம். ஓரத்தில் பச்சையோ என்ற சந்தேகம். நடுவில் நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள். அவை புதிதாகப் பிறந்தவை, அவற்றால்தான் சுற்றியுள்ள வாயு ஒளிர்கிறது என்றேன். "அப்ப புகை இல்ல," என்றார் அப்பா. "தானா வெளிச்சம் குடுக்கு." கண்ணை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு, கட்டிலில் படுத்தபடி வந்தவர்களைப் பேர் பேராகச் சொன்னார். ஒரு வீட்டையும் விடவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டார்: "லிபினுக்குச் சொன்னியா? ரெண்டு பேரும் கிளம்பிட்டாகளா?"

ரெண்டு பேரும் என்றார், அண்ணா. உன் கல்யாணத்துக்கு வராத மனிதர். சிவசங்கரி அண்ணியின் பெயரை நான்கு வருடமாக இந்த வீட்டில் சொல்ல விடாதவர்.

கிளம்பிவிட்டார்கள் என்றேன்.

இன்று காலை முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். செய்தேன். சட்டையும் மாற்றச் சொன்னார். இப்போது வாசலைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்.

குமுளி பஸ்ஸில் இரண்டு இடம் போடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கை,
ஜெஸ்னா