படுக்கை பொருத்திய வண்டிக்குப் பதிவு மறுத்ததும், கேளாமல் அதனுள் ஏறியதும்

அனுப்புநர்:
மீ. அபூதாஹிர்,
மகள் ஜெஸீமாவின் வளவு (தற்சமயம்),
பெரிய கிண்ணியா.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
திருக்கோணமலை.

விடயம்: குடியிருப்பதற்காக மாற்றியமைத்த எனது வண்டியைப் பதிவுசெய்ய மறுத்தமையும், என் மனைவி உள்ளே இருக்கையில் வாகனப் பரிசோதகர் அதனுள் ஏறியமையும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. வெள்ளைக்காரர் போகும்வரை சீனன்குடா விமானத்தளக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இப்போது மாடும் எருமையும் வளர்க்கிறேன். எனக்கு மூன்று பெண்மக்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கல்யாணம் செய்துவைப்பது வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஜெஸீமாவுக்கும் றம்லாவுக்கும் புதிதாகக் கட்டிக்கொடுத்தேன். கடைக்குட்டி ஸல்ஹாவுக்கு நாங்கள் குடியிருந்த வீட்டையே எழுதிவைத்தோம். வழக்கப்படி அதன்பிறகு பெற்றோர் வளவின் மூலையில் ஒரு குடிசை போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். என் மனைவி பல்கீஸோ, மருமகன் பல்விளக்குவதைப் பார்த்துக்கொண்டு தன்னால் காலந்தள்ள ஏலாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

2. தளம் மூடப்பட்டபோது, நோயாளரை ஏற்றிய பழைய படை வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தேன். எஞ்சின் நாலு சில்லையும் சுழற்றி இழுப்பதால் அது மணலிலும் சேற்றிலும் புதைவதில்லை. பெரும்போக விதைப்புக்கு முன்னர் மாடுகளை வயற்பக்கமிருந்து காட்டுப்பக்கம் சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடியும்வரை அங்கேயே தங்கவேண்டியவன் நான். ஆகவே பாலையூற்றுத் தச்சர் இராசையாவைக் கொண்டு வண்டிக்குள் இரண்டு மடிப்புக் கட்டில்களும், ஓர் அலுமாரியும், எண்ணெய் அடுப்பு வைக்கச் சிறு குசினியும் செய்வித்தேன். பின்கதவுக்குத் திரையைப் பல்கீஸ் தன் கையாலே தைத்தாள். கல்யாணமான புதிதில் கூட அவள் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் கண்டதில்லை.

3. வண்டியைப் பதிவுசெய்யக் கேட்டு வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். கட்டில் இருப்பதால் இது லொறி அல்ல, குசினி இருப்பதால் கார் அல்ல, நோயாளி இல்லாததால் அம்புலன்சும் அல்ல என்றார் அங்குள்ள பரிசோதகர். முதலில் காப்புறுதி எடுத்துக்கொண்டு வரச்சொன்னார். காப்புறுதி முகவர் குலசிங்கம் நல்ல மனிதர். எனக்காகக் கொழும்புக்குப் பலமுறை எழுதினார். பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி இல்லை, அடுப்புள்ள வண்டிக்கு அறவே இல்லை என்று கம்பனி பதில் அனுப்பியது. அடுப்பைக் கழற்றினேன். அடுப்பில்லாமல் இதில் எப்படிக் குடியிருப்பீர் என்று பரிசோதகர் கேட்டார். மறுபடி பூட்டினேன். இப்படி என்னைப் பந்தாடுவதில் அந்தக் கந்தோருக்கும் கம்பனிக்கும் கொஞ்சமும் அலுப்புத் தட்டவில்லை. படித்த மனிதர்கள் செய்கிற வேலையா இது என்று தங்களிடமே கேட்கிறேன்.

4. கடைசியில் வண்டியைப் பார்வையிட நாள் குறித்துக் கடிதம் வந்தது. வண்டியில் வசிக்கும் எல்லோரும் சமூகமளிக்கவேண்டும் என்று பரிசோதகரே அதில் எழுதியிருந்தார். அன்றைய ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி பெற்று, கிண்ணியாத் துறையில் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றி, பல்கீஸையும் அழைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்து சேர்ந்தேன். காலையிலேயே வந்தும் எங்களை யாரும் கவனிக்கவில்லை. கந்தோர் முற்றத்தில் ஒரு மரநிழல் கூட இல்லை. பல்கீஸ் வண்டிக்குள்ளேயே நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, வெக்கை தாங்காமல் முக்காட்டை எடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். தொழுத பாய் விரித்தபடி கிடந்தது. கையொப்பம் வைக்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் போன அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் குறிப்பெழுத வந்த இரண்டு லிகிதர்களோடு பின்கதவைத் திறந்து, ஒரு குரல் கூடக் கொடுக்காமல், சப்பாத்துக் காலோடு அந்தப் பாயில் ஏறி நின்று கட்டிலை அளந்திருக்கிறார். அவள் கத்திய சத்தம் கேட்டு நான் ஓடிவந்தேன். கட்டிலின் மறுமுனையில் பின்கதவுத் திரையைப் பிய்த்திழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என் மனைவி கிடந்த கோலத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

5. நான் நியாயம் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “இது வாகனம் காணும், வீடில்லை. வாகனத்துக்குள்ள ஏற ஆரிட்டக் கேக்கோணும்?” லிகிதர்கள் சிரித்தார்கள். இதைச் சொன்ன அதே மனிதர் கதிரையில் போய் இருந்து, வாயின் ஈரம் காயுமுன் எழுதித் தந்த முடிவு இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. ‘மேற்படி பொருள் ஒரு வீடு, வாகனமாகப் பதிவுசெய்ய இயலாது’ என்பதே அது. ஐயா, எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வயதை நினைத்தும் பல்கீஸை நினைத்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது பயத்தினால் அல்ல என்பதை அந்தப் பரிசோதகருக்குத் தாங்கள் தெரியப்படுத்தினால் நன்று.

6. அன்றுமுதல் வண்டி ஜெஸீமாவின் வளவில் சும்மா நிற்கிறது. பல்கீஸ் அதில் கால் வைக்க மறுக்கிறாள். மகளுடைய விறாந்தையில், ஒரு மருமகனோடு காலந்தள்ள ஏலாது என்றவள் இன்னொரு மருமகன் வீட்டிலேயே, நித்திரையிலும் முக்காடு விலகாதபடி சுருண்டு படுக்கிறாள். திரையைப் புதிதாகத் தைத்துத் தருவதாக மகள் சொன்னதற்கு, “தட்டாமத் தொறக்கிற கதவுக்குத் திரை எதுக்கு புள்ள?” என்று கேட்டாள். விதைப்புக் காலமோ நெருங்கிவிட்டது. மாடுகளை விலக்கச் சொல்லி வயற்காரர் நித்தம் ஆள் அனுப்புகிறார்கள். அவளை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் தனியே காட்டுக்குப் போகமாட்டேன்.

7. ஆகவே என் வண்டி எதுவென்று தாங்களே தீர்மானிக்கவேண்டும். வாகனம் என்றால், மாரி பிடிக்குமுன் அதற்கு இலக்கம் தரச்செய்யுங்கள். காப்புறுதியைக் குலசிங்கம் பார்த்துக்கொள்வார். வீடு என்றால், பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் கேளாமல் புகுந்த குற்றத்துக்கு அந்தப் பரிசோதகர் கிண்ணியாவுக்கு வரவேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பின்கதவுக்கு வெளியே நின்று, குரல் கொடுத்து, உள்ளே இருக்கும் என் மனைவிக்குக் கேட்கும்படியாக மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர் வருவதானால் பல்கீஸை உள்ளே இருக்கச் சம்மதிக்கவைப்பது என் பொறுப்பு. இரண்டில் ஒன்றுதான் தர இயலும் என்று கச்சேரி முடிவுசெய்தால் இலக்கம் வேண்டாம். அந்த ஆளை அனுப்பிவையுங்கள். வண்டியை என் எருமைகள் இழுத்துக்கொண்டு போகும். அவற்றுக்குத் தங்களிடம் பதிவு கேட்டு நான் வரமாட்டேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,

மீ. அபூதாஹிர்
(கையொப்பம்)

இடம்: பெரிய கிண்ணியா
திகதி: 19.09.1959

இணைப்பு: பரிசோதகரின் முடிவு, ஒரு பிரதி.